படம் முடிந்த பிறகான பத்து நிமிடம்: திரையரங்கு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திரையரங்கு உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

படம் முடிந்ததும் ஜனங்கள் முட்டி மோதி ஓடுகிறார்கள், இறுதியில் படக்குழுவினரின் பெயர் ஓடும்போது ஒருவர்கூட உட்காருவதில்லை, நம்மூர்க்காரர்களுக்குத் தியேட்டரில் நடந்துகொள்ளத் தெரியவில்லை என்று அடிக்கடி காதில் விழுகிறது. புரொஜெக்டர் கேபினிலும் கதவடியிலும் பார்க்கிங்கிலும் வேலை பார்க்கிற எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. கடைசிக் காட்சி முடிந்த நொடியில் அரங்கில் வரும் தடுமாற்றத்தில் முக்கால்வாசி நம் தரப்பில் உண்டாவது. எந்த விளக்கு எப்போது எரிகிறது, எந்தக் கதவு எப்போது திறக்கிறது, அடுத்த காட்சிக்கு எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் ரசிகர் நிதானமாகவோ பதறியோ வெளியேறுகிறார். இவற்றைச் சரிசெய்யப் பெரிய முதலீடு தேவையில்லை.

கதவிலிருந்து தொடங்குகிறோம். மேட்னி காட்சி. கடைசி வசனத்துக்கு இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. பக்கவாட்டுக் கதவின் தாழ்ப்பாள் 'டடக்'கென்று விழுகிறது. திரைச்சீலையின் இரும்பு வளையங்கள் கம்பியில் கிறீச்சிட்டு நகர்கின்றன. வெளியே இருக்கிற வெயில் ஒரு பட்டையாக உள்ளே நுழைந்து திரையின் கீழ் மூலையில் படிகிறது. திரையின் உச்ச வெளிச்சம் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா இருக்க வேண்டும் என்பது டிஜிட்டல் சினிமாத் தரம். பல்பு வயதாகிவிட்ட புரொஜெக்டரில் அந்த அளவும் வராது. வெயிலுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? இருட்டான காட்சியாக இருந்தால் முகமே தெரியாமல் வெளுத்துப்போகும். கதவோர வரிசைக்காரர்கள் தரையில் செருப்பைத் துழாவத் தொடங்குகிறார்கள். ஒருவர் எழுகிறார். அவர் மறைப்பதால் பின்னால் இருப்பவரும் எழுகிறார். படம் முடியுமுன்பே பாதி அரங்கு நின்றுகொண்டிருப்பது இப்படித்தான். கதவு திறந்தால் "கிளம்பு" என்று பொருள். அந்தச் சைகையை நாம்தான் கொடுத்தோம்.

கதவைத் திறக்கும் பையனைக் குறை சொல்லவும் முடியாது. நான்கு கதவுக்கு அவன் ஒருவன். படம் முடியும்போது நான்காவது கதவு திறந்திருக்க வேண்டுமென்றால் முதல் கதவை அவன் மூன்று, நான்கு நிமிடம் முன்னாலேயே திறந்தாக வேண்டும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தாழ்ப்பாளை விலக்குவதையும் கதவைத் திறப்பதையும் இரண்டு வேலையாகப் பிரியுங்கள். படம் முடிய 15 நிமிடம் இருக்கும்போது எல்லாக் கதவிலும் தாழை மட்டும் சத்தமில்லாமல் விலக்கிவிட்டு, சீலையை மூடியபடியே விடலாம். பெயர்கள் வரத் தொடங்கிய பிறகு கதவைத் திறக்கலாம். இரும்பு வளையத்துக்குப் பதில் நைலான் ரன்னர் போடுங்கள். கீல்களுக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் விடுங்கள். வெயில் நேராக விழும் மேற்குப் பக்கக் கதவுக்கு வெளியே ஒரு தடுப்புச் சுவரோ இரண்டாவது சீலையோ இருந்தால், கதவு திறந்தாலும் திரை கெடாது.

இதைவிட நல்ல வழி, காட்சி நேரத்தில் தாழே போடாமலிருப்பது. வெளியேறும் வழி பூட்டியிருக்கக் கூடாது என்பதை திரையரங்கு நடத்துவதற்கான சி படிவ உரிமத்துக்கு அதிகாரிகள் பார்வையிட வரும்போது எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறோம். காட்சி தொடங்கியதும், டிக்கெட் இல்லாமல் ஆள் நுழைவார்கள் என்ற பயத்தில் பூட்டிவிடுகிறோம். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்குத் தீ விபத்தில் 59 பேர் இறந்தார்கள். பால்கனியில் கூடுதல் இருக்கை போடுவதற்காக நடைவழியை அடைத்திருந்தார்கள். புகை சூழ்ந்தபோது வெளியேற வழியில்லை. டிக்கெட் இல்லாமல் ஆள் நுழையும் பயத்துக்கும் தீ பற்றிய பயத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து, கதவின் குறுக்கே பொருத்தும் பேனிக் பார் என்ற தள்ளுகம்பி. உள்ளேயிருந்து உடம்பால் தள்ளினாலே திறக்கும். வெளியேயிருந்து இழுத்தால் திறக்காது. கதவு திறந்தால் மேலாளர் அறையில் மணி அடிக்கும்படியும் இணைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது விளக்கு. ஒரு சாவுடனோ பிரிவுடனோ படம் முடிகிறது. திரை கறுத்த அடுத்த நொடியில் கூரையிலிருக்கும் அத்தனை விளக்கும் ஒன்றாக எரிகின்றன. கண் கலங்கியவர் முகத்தைத் துடைக்கக்கூட அவகாசமில்லை. பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடுவாரோ என்று தலையைக் குனிந்துகொண்டு எழுகிறார். சங்கடம் ஒருபுறம் இருக்கட்டும், ஆபத்தும் இருக்கிறது. இரண்டரை மணி நேரம் இருட்டுக்குப் பழகிய கண் திடீர் வெளிச்சத்தில் கூசும். வயதானவர்களுக்கு அந்தக் கூச்சம் அடங்கக் கூடுதல் நேரம் ஆகும். அந்த நிலையில் அவர்கள் செங்குத்தான படியில் இறங்குகிறார்கள்.

அரங்கு விளக்குகளை நான்கு தனித்தனி இணைப்பாகப் பிரித்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும்: படிவிளிம்பு விளக்கு, பக்கச் சுவர் விளக்கு, கூரை விளக்கு, துப்புரவு விளக்கு. பெயர்கள் தொடங்கும் நொடியில் படிவிளிம்பு முழுதாகவும், பக்கச் சுவர் ஐந்தில் ஒரு பங்கு அளவிலும் வரட்டும். அதுவும் எட்டுப் பத்து நொடியில் மெல்ல ஏறட்டும். பெயர்கள் முடிந்து திரை கறுத்ததும் கூரை விளக்கு பாதிக்கு வரலாம். துப்புரவு விளக்கை, கடைசி ஆள் வெளியேறிய பிறகு துடைப்பம் எடுப்பவரே கையால் போட வேண்டும்; அதைத் தானியங்கி வரிசையில் சேர்க்கவே கூடாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மரில் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டியிருந்தால், பாதிக்குக் கீழே இறக்கும்போது மினுக்கும். அதற்குப் பயந்து பல அரங்குகள் டிம்மரையே விட்டுவிட்டு நேரடி சுவிட்சுக்கு மாறிவிட்டன. டிம் செய்யக்கூடிய டிரைவர் (எல்இடிக்கு மின்சாரம் தரும் சிறு கருவி) உள்ள எல்இடியாகப் பார்த்து வாங்குங்கள்; டிம்மரையும் அதற்குப் பொருந்துவதாக மாற்றுங்கள்.

விளக்கு தப்பான நேரத்தில் எரிவதற்கான காரணம் பெரும்பாலும் படத்தை ஓட்டும் சர்வரில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பிலிம் ரீல் காலத்தில் கடைசி ரீல் முடியும்போது ஆபரேட்டர் மெஷின் பக்கத்தில் நின்றே ஆகவேண்டும். படத்தைப் பார்த்தபடியே கையால் விளக்கை ஏற்றினார். இப்போது ஒருவர் நான்கைந்து திரைகளைப் பார்த்துக்கொள்கிறார். படம் முடியும்போது அவர் வேறு கேபினில் இருப்பார். விளக்கை ஏற்றுவது சர்வரின் பிளேலிஸ்டில் (காட்சி ஓடும் வரிசைப் பட்டியலில்) வைத்த க்யூ, அதாவது நேரம் வந்ததும் தானாக இயங்கும் கட்டளை. அந்த க்யூவை, படம் தொடங்கி இத்தனை மணி, இத்தனை நிமிடம் என்று முன்னிருந்து எண்ணி வைப்பதுதான் தவறின் வேர். நம்மூரில் படம் வெளியான மூன்றாம் நாள், நீளம் அதிகம் என்று பத்துப் பன்னிரண்டு நிமிடம் வெட்டி, புதிய சிபிஎல் (படத்தின் எந்தப் பகுதி எந்த வரிசையில் ஓட வேண்டும் என்று சொல்லும் கோப்பு) அனுப்புவது சாதாரணம். அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவியான கேடிஎம்மும் தனியாக வரும். ஆபரேட்டர் பழைய பிளேலிஸ்டில் படத்தை மட்டும் மாற்றிப் போடுவார். க்யூ பழைய இடத்திலேயே நிற்கும். படம் பத்து நிமிடம் சுருங்கிவிட்டதால், விளக்கு எரிய வேண்டிய நேரம் வருமுன் படமே முடிந்து போயிருக்கும். ஜனங்கள் கும்மிருட்டில் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். முந்தைய வாரப் படத்தின் பிளேலிஸ்டைப் பிரதி எடுத்துப் புதுப்படத்தைச் செருகினால் நேர்மாறாகவும் ஆகும்: அது குறுகிய படமாக இருந்திருந்தால், க்ளைமாக்ஸ் சண்டையின் நடுவே விளக்கு எரியும்.

ஆகவே க்யூவை முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணி வையுங்கள். நடுவில் எங்கு வெட்டினாலும், பெயர்ப் பகுதியின் நீளம் மாறாதவரை அது சரியான இடத்தில் நிற்கும். இன்னும் நல்லது, திரையரங்குக்கு வரும் படத்தின் டிஜிட்டல் தொகுப்பான டிசிபி-யிலேயே இதற்கென்று குறியீடு வைக்கும் வசதி இருக்கிறது. எஃப்எஃப்இசி என்பது இறுதிப் பெயர்கள் தொடங்கும் முதல் ஃபிரேம். எஃப்எஃப்எம்சி என்பது பெயர்கள் மேல்நோக்கி உருளத் தொடங்கும் முதல் ஃபிரேம். உங்களுக்கு வரும் டிசிபி-யில் இவை வைக்கப்படவில்லையென்றால் விநியோகஸ்தரிடம் கேளுங்கள். புதிய பதிப்பு வந்த அன்று முதல் காட்சியின் கடைசி எட்டு நிமிடம் ஆபரேட்டர் அந்தக் கேபினிலேயே இருக்க வேண்டும் என்பதை விதியாக்கிவிடுங்கள்.

ஒலிக்கும் இதே போன்ற கவனம் வேண்டும். படம் முடிந்ததும் வெளியேறும் பாட்டையோ நகைக்கடை விளம்பரத்தையோ படத்தின் ஒலி அளவிலேயே விடுகிறோம். அரங்கின் ஒலியைக் கட்டுப்படுத்தும் டால்பி பிராசஸரில் 7 என்பது படத்துக்கான அளவு. 4-க்கு இறக்கினால் சரியாக 10 டெசிபல் குறையும். காதுக்கு ஏறத்தாழப் பாதிச் சத்தமாகத் தெரியும். கைப்பிள்ளையோடு இறங்குபவர் பின்னால் வருபவரிடம் "கொஞ்சம் இருங்க" என்று சொன்னால் கேட்க வேண்டும். அதற்கு இது போதும்.

இனி பெயர்களை வெட்டுவது பற்றி. நேரமில்லை என்பதே எல்லோரும் சொல்லும் காரணம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். காட்சிக்குக் காட்சி மூன்றரை மணி நேரம், அதாவது 210 நிமிடம். படம் 170, இடைவேளை 15, விளம்பரமும் டிரெய்லரும் 12. மொத்தம் 197. மீதி 13 நிமிடத்தில் காலி செய்து, கூட்டி, அடுத்த கூட்டத்தை உட்கார வைக்க வேண்டும். நான்கு நிமிடப் பெயர்களை வெட்டினால் நான்கு நிமிடம் மிச்சம் என்றுதான் தோன்றும். ஆனால் மிச்சமாகாது. கூட்டம் வெளியேறும் வேகத்தைப் படிக்கட்டுதான் தீர்மானிக்கிறது. பிரிட்டனின் விளையாட்டரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி, ஒரு மீட்டர் அகலப் படியில் நிமிடத்துக்கு 66 பேர், சமதளத்தில் 82 பேர் என்று கணக்கிடுகிறது. ஒன்றரை மீட்டர் படி ஒன்றை மட்டும் திறந்து வைத்தால் 800 பேர் இறங்க எட்டு நிமிடம். இரண்டைத் திறந்தால் நான்கு. நான்கையும் திறந்தால் இரண்டு.

பெயர்களை வெட்டி முழு விளக்கையும் போட்டால் 800 பேரும் ஒரே நொடியில் எழுந்து அதே படியில்தான் நெரிகிறார்கள். பெயர்கள் ஓட, மங்கிய வெளிச்சத்தில் கதவைத் திறந்துவிட்டால், அவசரக்காரர்கள் முதலில் போவார்கள். குடும்பமாக வந்தவர்கள் பையைத் தேடி எடுத்துக்கொண்டு அடுத்துப் போவார்கள். பாட்டைக் கேட்க விரும்புகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கடைசிப் பெயர் மறையும்போது படிக்கட்டு காலியாக இருக்கும். பெயர் ஓடும் நேரமே கூட்டம் கலைகிற நேரமும். அதை வெட்டுவதால் நீங்கள் ஒரு நிமிடம்கூடச் சம்பாதிப்பதில்லை. இரண்டாவது கதவைத் திறந்தால் நான்கு நிமிடம் சம்பாதிப்பீர்கள். லைட்மேன், செட் உதவியாளர், காலடி போன்ற ஒலிகளை உருவாக்கும் ஃபோலி கலைஞர் ஆகியோரின் பெயர் பெரிய திரையில் வருகிற ஒரே இடம் அது. தன் பிள்ளை பெயரைப் பார்ப்பதற்காகவே டிக்கெட் எடுத்து வரும் அம்மா அப்பாக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் புரொஜெக்டரை அணைப்பது மிகவும் தவறு.

கதவின் அகலத்தை அளக்கும்போது மிகக் குறுகலான இடத்தை அளங்கள். கதவு ஒன்றரை மீட்டர் இருந்து, வெளியே வராண்டாவில் ஐஸ்கிரீம் பெட்டி அரை மீட்டரை அடைத்திருந்தால் உங்கள் வழி ஒரு மீட்டர்தான். அடுத்த படத்தின் அட்டைக் கட்டவுட், படியோரம் சாய்த்து வைத்த ஏணி, காவலாளியின் நாற்காலி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். முதல் நாள் முதல் காட்சிக்கு மைக்கோடு வாசலில் நிற்கும் யூடியூப் சேனல்காரர்களும் வருவார்கள். 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பு அவர்களைத் திரையரங்கு வளாகத்துக்குள்ளேயே விட வேண்டாம் என்று கேட்டது. விமர்சனம் சொல்வதா வேண்டாமா என்பது எங்கள் விஷயம் இல்லை. படிக்கட்டு இறங்கும் இடத்தில் ஒருவரை நிறுத்திக் கேள்வி கேட்டால் பின்னால் வரும் நூறு பேர் நிற்பார்கள். வாசலிலிருந்து 15 மீட்டர் தள்ளி, கயிறு கட்டி, ஓர் இடம் ஒதுக்கிக் கொடுங்கள்.

இயக்குநர்களுக்கும் படத்தொகுப்பாளர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. பழைய படங்களில் பெயர்கள் முன்னாலேயே வந்துவிடும். முடிவில் 'சுபம்' என்றோ 'வணக்கம்' என்றோ ஓர் அட்டை விழும். படம் முடிந்தது என்பதில் யாருக்கும் ஐயமிருக்காது. இன்று அந்த அடையாளம் இல்லை. முடிந்ததா, இன்னும் காட்சி வருமா என்று தெரியாமல் பாதி எழுந்து, முழங்கால் மடங்கி, இருக்கைக்கும் நடைவழிக்கும் நடுவே நிற்கிறார்கள். பெயர்களுக்குப் பிறகு ஒரு காட்சி வைத்திருந்தால் இன்னும் மோசம்: கதவு வரை போனவர்கள் அங்கேயே திரும்பி நின்று வழியை அடைப்பார்கள், உட்கார்ந்திருப்பவருக்குத் திரையும் மறையும். காட்சி உண்டு என்றால் பெயர்கள் தொடங்கும்போதே மூலையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அரங்குக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள். பெயர் உருளும் வேகத்தையும் கவனியுங்கள். அகலத்திரையான ஸ்கோப் படத்தின் உயரம் 2கே என்ற டிஜிட்டல் அளவில் 858 பிக்சல். ஃபிரேமுக்கு 3 பிக்சல் நகர்த்தினால் ஒரு பெயர் சுமார் 12 நொடி திரையில் இருக்கும். 8 பிக்சல் நகர்த்தினால் நாலரை நொடிதான். முழு எண்ணாக நகர்த்தாவிட்டால் எழுத்து நடுங்கும். வாசிக்க முடியாத வேகத்தில் ஓட்டிவிட்டு யாரும் பார்ப்பதில்லை என்று வருந்துவதில் நியாயம் இல்லை.

நிற்க வைத்தால் நிற்பார்கள் என்றும் நம்ப வேண்டாம். 1962 போருக்குப் பிறகு பல ஆண்டுகள் படம் முடிந்ததும் தேசிய கீதம் இசைக்கும் வழக்கம் இருந்தது. கீதம் ஒலிக்கும்போதே ஆட்கள் வாசலுக்குப் போனதால் அது மெல்ல நின்றுபோனது. 2016 நவம்பர் 30-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயமாக்கியபோது, படத்துக்கு முன்பு என்றுதான் சொன்னது. 2018 ஜனவரி 9-இல் கட்டாயம் என்பதும் நீங்கியது. படம் முடிந்தால் கால் வாசலைத் தேடும். அந்தக் காலுக்கு வழி அமைத்துக் கொடுப்பதுதான் நம் வேலை.

சக்கர நாற்காலியில் வருபவரை லிப்டில் ஏற்றி உள்ளே அழைத்துப் போகிறோம். படம் முடிந்ததும் வேறு வழியாக வெளியே அனுப்புகிறோம். அங்கே படிக்கட்டு மட்டுமே இருக்கிறது. பல மல்டிபிளெக்ஸ்களில் நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் தனித்தனிப் பாதை என்பதால் வருகிற கோளாறு இது. அவரோ எல்லோரும் போகும்வரை காத்திருந்து, பிறகு ஊழியர் யாராவது கண்ணில் படுகிறாரா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. டிக்கெட் கிழிக்கும்போதே அந்த இருக்கை எண்ணைக் குறித்துக்கொண்டு, பெயர்கள் தொடங்கும்போது ஒருவர் அவர் அருகில் போய் நிற்க வேண்டும். நுழைந்த வழியையே அவருக்குத் திறந்துவிட வேண்டும். ஊன்றுகோலோடு வருபவர்களுக்கும் அப்படியே.

கழிப்பறையையும் சொல்லியாக வேண்டும். இடைவேளைக்குத் திறந்திருக்கும் கழிப்பறையை இரவுக் காட்சி முடியுமுன் கழுவிப் பூட்டிவிடுகிறார்கள். சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பயணம் செய்ய வேண்டியிருக்கும். வெளியேறும் பக்கத்தில் ஒரு பெண்கள் கழிப்பறையாவது கடைசி ஆள் போகும்வரை திறந்திருக்கட்டும்.

பார்க்கிங்கில் ஒரே ஒரு மாற்றம் போதும்: பணத்தை உள்ளே வரும்போதே வாங்கிவிடுங்கள். வெளியேறும் வாயிலில் டோக்கனைத் தேடி, சில்லறையைத் தேடி ஒரு வண்டிக்கு 20 நொடி ஆனால், 150 வண்டி வெளியேற 50 நிமிடம். அடித்தளத்தில் அத்தனை இன்ஜினும் புகை கக்கிக்கொண்டு நிற்கும். இருசக்கர வண்டிகளை இரண்டு வரிசைக்கு மேல் அடுக்க வேண்டாம். மூன்றாவது வரிசை வந்தால் நடுவில் மாட்டியவர், பின்னால் இருப்பவர் வரும்வரை ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இரவுக் காட்சிதான் எங்களை அதிகம் கவலைப்பட வைக்கிறது. சென்னையில் மெட்ரோவின் கடைசி ரயில் இரவு 11 மணி. படம் முடிவது ஒன்று, ஒன்றரைக்கு. மால்களில் அந்நேரம் எஸ்கலேட்டர் நின்றிருக்கும், கடைகளின் ஷட்டர் இறங்கியிருக்கும், ஒரே ஒரு லிப்ட் ஓடும். வெளியேறும் வழி சில இடங்களில் பின்பக்கச் சரக்கு வராண்டாவில் போய் முடியும். எந்தத் தெருவில் நிற்கிறோம் என்றே தெரியாமல் பெண்கள் செல்போனில் வண்டி தேடுகிறார்கள். மால் நிர்வாகத்தோடு பேசி, கடைசிக் காட்சி முடிந்து 30 நிமிடம் வரை இரண்டு லிப்ட்டாவது ஓடும்படி செய்யுங்கள். வெளியேறும் பாதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் "பார்க்கிங்", "பிரதான சாலை", "ஆட்டோ" என்று தமிழில் பெரிய எழுத்தில் அம்புக்குறியோடு எழுதி வையுங்கள். தனித் திரையரங்குகளில் கடைசி ஆள் படியிறங்குமுன்பே முகப்பு விளக்கை அணைக்கிற பழக்கம் இருக்கிறது. மின் கட்டணத்தில் அரை மணி நேரத்துக்குச் சில ரூபாய்தான் வரும். கேட்டுக்கு வெளியே ஆட்டோவுக்காக நிற்பவர்கள் போகும்வரை அந்த விளக்கு எரியட்டும்.

வரும் வெள்ளிக்கிழமை மாலைக் காட்சி முடியும்போது நீங்களே கீழ்ப்படியில் கடிகாரத்தோடு நின்று பாருங்கள். முதல் ஆள் இறங்கியதிலிருந்து கடைசி ஆள் இறங்கும்வரை எத்தனை நிமிடம், எந்தக் கதவில் கூட்டம் தேங்குகிறது, எந்தப் படியில் கால் தடுக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அடுத்த நாள் ஆபரேட்டரையும் கதவு ஊழியரையும் பார்க்கிங் ஆளையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுங்கள்.

இப்படிக்கு,
கேபினிலும் கதவடியிலும் பார்க்கிங்கிலும் வேலை பார்ப்பவர்கள்